பாஸ்போர்ட் உண்டு, ஓட்டு இல்லை

மஸ்கட்டில் 22 வருடம் வேலை பார்த்தேன். தமிழ்நாட்டில் தேர்தல் என்றால் ராத்திரி ஒரு மணி வரை டிவி முன்னால் உட்கார்ந்து தொகுதி தொகுதியாகச் சண்டை போடுவோம். ஓட்டு மட்டும் கிடையாது.

2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். சந்தோஷப்பட்டோம். ஆனால் ஓட்டுப் போட, பாஸ்போர்ட்டோடு ஊருக்கே நேரில் வரவேண்டுமாம்! டிக்கெட்டுக்குப் பணம்கூடப் புரட்டிவிடலாம், லீவு யார் தருவார்? எங்களோடு இருந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் அவர்கள் தூதரகத்திலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்.

"ஊரில் இல்லாதவனுக்கு எதற்கு ஓட்டு?" என்பார் என் மைத்துனர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் நமக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு வேண்டாம்தான், சட்டமும் தரவில்லை. வளைகுடாக்காரன் கதை வேறு. எத்தனை வருடம் உழைத்தாலும் ஒருநாள் இங்கேதான் திரும்பி வரவேண்டும். அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், அம்மா போகும் ஆஸ்பத்திரி எல்லாம் இங்கேதானே இருக்கிறது? தூதரகத்தில் ஒரு பெட்டி வைத்தால் என்ன?

இப்போது என் தங்கை மகன் அங்கே இருக்கிறான். போன தேர்தலன்று காலையில் போன் செய்து, "மாமா, ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டான். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.