கடலோடிக்குத் தமிழில் இல்லாத கடற்சட்டம்!

தமிழெழுத்தில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் 1578-இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்'. அது யாருக்காக அச்சிடப்பட்டது? முத்துக்குளித்துறைப் பரதவர்க்காக! கடல்கடந்து சமயம் பரப்ப வந்த அண்டிரிக் அடிகளார்க்கு, இம்மக்களிடம் தமிழில்தான் பேசவேண்டும் என்னும் அறிவு இருந்தது. நானூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் தில்லி நாடாளுமன்றத்துக்கு அவ்வறிவு வரவில்லை.

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலையில் வலை உலர்த்தும் பரதவர் ஒருவர், 'எம் கடலுக்கு நீங்கள் சட்டம் செய்வது எப்படி?' என்று வினவட்டும். விடை இதுதான். அமைச்சர் சட்டவரைவை ('மசோதா' என்னும் அரபுச்சொல் நமக்கு வேண்டா) அவையில் முன்வைப்பார்; இது முதற்படிப்பு. பொதுக் கருத்தாடலும் பிரிவு பிரிவான ஆய்வும் இரண்டாம் படிப்பு. ஏற்பா மறுப்பா என்னும் வாக்கு மூன்றாம் படிப்பு. இடையே நிலைக்குழுவுக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம்! மற்றை அவையும் ஏற்றபின் குடியரசுத்தலைவர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு. ஏட்டளவில் நல்ல ஏற்பாடே.

நடப்பது என்ன? கடலடிக் கனிமங்களை ஏலமுறையில் தனியாரும் பெற வழிசெய்யும் திருத்த வரைவு 2023 சூலை 27-இல் மக்களவையில் வைக்கப்பட்டது. ஆகத்து 1-இல் மக்களவை ஏற்றது. ஆகத்து 3-இல் மாநிலங்களவை ஏற்றது. ஒரே கிழமையில் எல்லாம் முடிந்தது! நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. மணிப்பூர்க் கொடுமைக்கு நயன்மை கேட்டு எதிர்க்கட்சியினர் எழுப்பிய முழக்கத்துக்கிடையே இது நிறைவேறிற்று. ஆலந்தலைப் பரதவர் அதைத் தமிழில் படித்து ஒரு மறுப்பு மடல் எழுதுவதற்கேனும் நாள் இருந்ததா? அடுத்த ஆண்டு நவம்பரில் முதல் ஏலம் அறிவித்தபோது, அதில் கொல்லத்துக் கடல்மணலும் இருந்தது. ஆம், தம்பிரான் வணக்கம் அச்சேறிய அதே கொல்லம்!

'மக்களவையில் தமிழில் பேசலாமே, உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டே' என்பர். உண்டு. ஆயின் பேச்சு வேறு, வரைவு வேறு. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் 5(2)-ஆம் பிரிவைப் பாருங்கள். அவையில் வைக்கும் ஒவ்வொரு வரைவின் ஆங்கிலப் படியோடும் இந்தி மொழிபெயர்ப்பு இணைந்தே வரவேண்டும் என்கிறது அது. தமிழுக்கு? 1973-இல் ஒரு சட்டம் செய்தார்கள்: நடுவணரசுச் சட்டத்தின் வட்டாரமொழிபெயர்ப்பைக் குடியரசுத்தலைவர் ஆணையால் அரசிதழில் வெளியிட்டால் அது அதிகாரமுடைய படியாகும் என்று. 'வெளியிட்டால்'! அதுவும் சட்டமான பிறகு! இந்தி கருவிலேயே உடன்பிறக்கிறது. தமிழோ, எல்லாம் முடிந்தபின் அழைத்தால் வரலாம்.

இப்போது பெயரும் போயிற்று. 2023 திசம்பரில் நிறைவேறிய குற்றவியல் சட்டங்களில் ஒன்றன் பெயர் 'பாரதிய நியாய சன்கிதா'. சட்டங்களின் அதிகாரமுடைய படி ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவைச் சுட்டி எழுப்பிய மறுப்புகள் செவியேறவில்லை. உள்ளே ஆங்கிலம், நெற்றியில் வடமொழி! தமிழனுக்கு இரண்டும் அயல்.

இருபத்திரண்டு மொழிகளில் அச்சிட இயலுமா, செலவாகாதா என்று நம்மவரே சிலர் கேட்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இருபத்துநான்கு மொழிகளில் சட்டங்களை வெளியிடுகிறது. அவ்வளவு தொலைவு ஏன்? ஆலந்தலைக்கு நேர்கிழக்கே கடலுக்கப்பால் இலங்கை. தமிழ்க்குருதியில் கைநனைத்த அந்நாட்டின் அரசமைப்புச் சட்டம்கூட, 1988-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றி வெளியிடப்படவேண்டும் என்கிறது. நடைமுறையில் அங்கே ஆயிரம் குறை. ஆனால் ஏட்டிலேனும் தமிழுக்கு இடமுண்டு. தில்லியின் ஏட்டில் அதுவும் இல்லை.

மக்களவை இடங்கள் 543-இல் தமிழ்நாட்டுக்கு 39, மாநிலங்களவையில் 18. எண்ணிக்கையால் வெல்லமுடியாதென்பது குழந்தைக்கும் தெரியும். தனியுறுப்பினர் வரைவு எதுவும் 1970-க்குப் பின் சட்டமானதில்லை என்பதும் மெய். ஆயினும், திருநங்கையர் திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொணர்ந்த தனியுறுப்பினர் வரைவை மாநிலங்களவை 2015-இல் ஏற்றதே! அவ்வாறே 5(2)-ஆம் பிரிவில் 'இந்தி' என்றிருக்குமிடத்தில் 'எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்தும்' என்று மாற்றும் ஒருவரித் திருத்தத்தை நம் உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொணரட்டும். வாக்குக்கேட்டு அவர்கள் நம் தெருவுக்கு வரும்போது, எத்தனைமுறை கொணர்ந்தீர் என்று கேளுங்கள், தமிழர்களே!