சட்டம் சொல்வது: இருளில் எழுந்த உருவம்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்லும் சாலையில் இரவு ஓய்வுக்குரிய பொழுதன்று. திருவொற்றியூர் ஆலைகளில் இரவு முறை முடித்தோர் வீடு திரும்புவர். விடியுமுன்னே மீன் எடுக்கப் பெண்கள் காசிமேட்டுக்குப் புறப்படுவர். இவர்களுள் ஒருவர் முன்னே, முகத்தை மூடிய இளைஞன் ஒருவன் தடியை ஓங்கிக்கொண்டு வேடிக்கைக்காகப் பாய்ந்தால் என்னாகும்? 'விளையாட்டுத்தானே!' என்று அவன் நண்பர்கள் நகைக்கக்கூடும். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 130ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தின் 351ஆம் பிரிவையே பின்பற்றுகிறது. அடி விழ வேண்டியதில்லை. தம்மீது தாக்குதல் நிகழப்போகிறது என எதிரிலிருப்பவர் அஞ்சக்கூடும் என்று அறிந்தே சைகை காட்டினாலும் குற்றந்தான். வெறும் சொல் மட்டும் போதாது. ஓங்கிய தடி போதும். மூன்று மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அஞ்சியவர் திருப்பி அடித்தால்? உயிருக்கோ உறுப்புக்கோ கொடுங்கேடு நேருமென்ற நியாயமான அச்சம் இருந்தால், தற்காப்புரிமை எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். ஆயினும் தேவைக்கு மேற்பட்ட தீங்கு இழைத்தல் ஆகாது. அவன் துணியை விலக்கிச் சிரித்த பின்னர் விழும் அடி தற்காப்பன்று, பழிவாங்கல்.

அச்சமே தவறாக இருந்தால்? 1958இல் ஒரிசாவின் ரஸ்கோவிந்தபூரில் கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்று இருந்தது. அங்கே பேய் உலவுகிறது என்பது ஊரார் நம்பிக்கை. பழைய விமானச் சாமான்கள் வாங்க வந்த வணிகரும் அவருடைய வேலையாளான ராம் பகதூர் தாப்பாவும் பிறரும் பேயைக் காணும் ஆவலில் இரவில் புறப்பட்டனர். தொலைவில் ஓர் ஒளி அசைந்தது. அதைச் சுற்றி உருவங்கள் ஆடுவதுபோல் தோன்றின. தாப்பா குக்ரிக் கத்தியுடன் பாய்ந்து வெட்டினார். அங்கே இருந்தவர்கள் அரிக்கேன் விளக்குடன் மஹுவாப் பூப் பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருவர் மாண்டார், இருவர் படுகாயமுற்றனர்.

அமர்வு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசின் மேல்முறையீட்டில் ஒரிசா உயர்நீதிமன்றமும் 1959இல் அதனையே உறுதி செய்தது. மனிதரல்லர், பேய்களே என்று நல்லெண்ணத்துடன் நம்பியவருக்கு 79ஆம் பிரிவு துணை நின்றது. இன்னும் சற்றுக் கவனித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்பதால் மட்டும் அப்பாதுகாப்பை மறுக்க இயலாது என்றது நீதிமன்றம். தீர்ப்பைச் சட்டப்படி குறைகூற எனக்குத் துணிவில்லை. மனம் மட்டும் ஒப்பவில்லை. அப்பெண்கள் எவரையும் அச்சுறுத்த வரவில்லையே! விளக்கேந்தி வேலைக்கு வந்ததன்றி அவர்கள் செய்தது யாது?

காசிமேட்டுக்குச் செல்லும் பெண்களிடம் இன்று அரிக்கேன் இல்லை; கைப்பேசியின் சிறு வெளிச்சமே உண்டு. தொலைவில் நிற்பவருக்கு அதுவும் ஆடும் ஒளியாகத்தான் தெரியும். எனவே இருளில் உருவம் கண்டால் முதலில் 'யார் அங்கே?' என்று குரல் கொடுங்கள், விளக்கடித்துப் பாருங்கள். காவலரை நாட அவகாசம் இருக்குமாயின் தற்காப்புரிமை எழுவதே இல்லை. அழைக்க வேண்டிய எண் 112.