காலண்டர் சொல்லும் வயிற்று வலி

சிவகாசியில் அச்சான காலண்டர் ஒன்றாவது தொங்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? நல்ல நேரம், ராகு காலம், அமாவாசை, பால் கணக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் பார்க்கிறோம். சகோதரிகளே, வயிற்று வலிக்கும் அதைப் பாருங்கள் என்றால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம், விஷயத்தைக் கேளுங்கள்.

சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை செய்யும் பெண்ணை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சிசேரியன் ஆனவள். இப்போது தழும்பின் ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. சில நாள் வலி உயிர் போகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. "தையல் நூல் உள்ளே தங்கிவிட்டது" என்கிறாள் அண்டை வீட்டு அக்கா. "குடலிறக்கமாக இருக்கும்" என்கிறார் மற்றொருவர். "உடம்புச் சூடு, மோரைக் குடி" என்கிறாள் மாமியார். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே அவள் பல்லைக் கடித்துக் கொண்டு வேலைக்குப் போகிறாள். தற்செயலாக ஒரு நாள் காலண்டரைப் பார்க்கிறாள். கட்டி வலித்த தேதிகளும் மாதவிலக்கான தேதிகளும் ஒன்றாகவே இருக்கின்றன!

டாக்டருக்கு இது பெரிய துப்பு. எண்டோமெட்ரியோசிஸ் என்பது இந்த நோயின் பெயர். கருப்பையின் உட்புறம் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதந்தோறும் அது தடித்து, பிறகு உதிர்ந்து வெளியேறுகிறது. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்தால், அங்கேயும் ரத்தம் கசியும். ஆனால் வெளியேற வழி ஏது? இருந்த இடத்திலேயே வீங்கிப் புண்ணாகி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு, ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பெரும்பாலும் சினைப்பையிலும் இடுப்புக்குழியிலும்தான் இது தங்கும். அபூர்வமாக வேறு இடங்களுக்கும் போகும். அறுவைத் தழும்பில் வந்தால் கட்டி. குடலில் வந்தால் அடைப்பு, அல்லது விலக்கு நாட்களில் மலத்தில் ரத்தம். குடல்வாலில் வந்தால் அப்பெண்டிசைட்டிஸ் போன்ற வலி. சிறுநீர்க் குழாயை நெருக்கினால், வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் பாழாகிவிடக் கூடும்.

எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது, வயிற்றில் நீர் கோப்பது. ஊசியால் எடுத்துப் பார்த்தால் ரத்தம் கலந்த நீர் வரும். நம் நாட்டில் உடனே காச நோயோ, சினைப்பைப் புற்றுநோயோ என்று சந்தேகம் எழுகிறது. சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை எண் இந்த மூன்று நோயிலும் உயரலாம். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் புற்றுநோய் என்று குடும்பமே அழுது தீர்க்க வேண்டாம். நீரைச் சோதித்து, ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துண்டுத் திசு எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே, மாதக் காலண்டரில் மூன்று மாதம் குறித்து வாருங்கள். விலக்கான நாளுக்கு ஒரு வட்டம்; வலித்த நாளுக்கு ஒரு கோடு. மலத்தில் ரத்தம், சிறுநீர்க் கடுப்பு, வயிற்று உப்புசம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கட்டியோ, மலத்தில் ரத்தமோ, வயிறு பெருப்பதோ கண்டால் மூன்று மாதம் காத்திராமல் உடனே டாக்டரைப் பாருங்கள். சிசேரியன் ஆனதையும் மறக்காமல் சொல்லுங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன்தானே!

ஒரு ஜாக்கிரதை. நோய் முற்றினால் வலி தேதி பார்க்காமல் தினமும் வரலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது. வாந்தியோடு வயிறு உப்பி, மலமும் காற்றும் அடைபட்டால் காலண்டரைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விருதுநகரிலேயே 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"பெண் ஜன்மம் என்றால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னால், அந்தக் காலண்டரை எடுத்து நீட்டுங்கள். தேதி தவறாமல் வரும் வலிக்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும்.