கைதட்ட மட்டுமா ரசிகன்?

எல்லையூராம் பனச்சமூட்டின் தேநீர்க் கடையிலே கால்பந்து வழக்கு: கேரளா பிளாஸ்டர்ஸா, சென்னையின் எப்.சி.யா? "இந்தியன் சூப்பர் லீக் கோப்பை 2015லும் 2018லும் எங்களுக்கு!" என்று மார்தட்டினேன். "2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதியாட்டத்திலும் தோற்றோம், ஆயினும் மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லையே!" என்றார் மலையாள நண்பர். நாணினேன்.

வெல்லும்போது வாழ்த்துவது எளிது; தோற்கும்போது உடன் நிற்பவனே ரசிகன். அவனுக்குக் கழகம் தருவதென்ன? நுழைவுச்சீட்டு, அதுவும் விலைக்கு! ஜெர்மானியக் கால்பந்திலோ, சில கழகங்கள் நீங்கலாக, பாதிக்கு மேற்பட்ட வாக்கு உறுப்பினர் கையில். ரசிகர்களே அந்த உறுப்பினர்.

தோழர்களே! வெல்லும் அணி எதுவென்று பூசலிட்டது போதும். எல்லைக்கு இருபுறமும் ஒரே குரலில் கேட்போம்: "சீட்டு விலையிலும் பயிற்சியாளர் தேர்விலும் எங்கள் சொல்லுக்கு இடமுண்டா?" கேள்வி கேட்கும் ரசிகனே கழகத்தைக் காப்பான்.