களி உண்ண நாணுவதா?

தளியிலும் அஞ்செட்டியிலும் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் உண்டு வளர்ந்த பிள்ளைகள், தொழில்நகராம் ஓசூரில் கல்லூரி புகுந்த சில திங்களிலேயே அதனைப் பட்டிக்காட்டு உணவென்று நாணுகின்றனர். காலையுணவை விடுகின்றனர், இரவில் மைதாப் புரோட்டாவும் புட்டியில் அடைத்த இனிப்பு நீரும் கொள்கின்றனர். இடுப்புப் பட்டை இறுகுகிறது.

கல்லூரி முதலாண்டில் எடை ஏறுதல் பிற நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 7 கிலோ ஏறும் என்பர்; 2011-இல் வெளிவந்த ஆய்வோ ஒன்றரைக் கிலோவளவே என்றது. ஏறும் எடையினும் இழக்கும் ஊட்டமே பெரிது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் சுண்ணகம் உளது. தீட்டிய அரிசியில் பத்தளவே. எலும்பு உரம்பெறும் அகவையும் இதுவன்றோ!

எல்லைக்கப்பால் கன்னடர் 'முத்தே' என்று விரும்பியுண்ணும் அவ்வுருண்டையை, இங்குள்ள விடுதிகள் கிழமைக்கு இருமுறையேனும் படைக்கட்டும். மாணவர் கேட்டு வாங்கட்டும்.