ஒப்புக்கொள்ள வைத்த சொல்

1066இல் இறந்த இங்கிலாந்து மன்னர் எட்வர்டுக்கு 'கன்ஃபெஸர்' என்று ஒரு பட்டம் உண்டு. இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர் அதைக் கேட்டால், பாவம், இந்த ராஜா என்ன தப்புச் செய்து மாட்டிக்கொண்டாரோ என்றுதான் நினைப்பார். அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. வேதத்துக்காக உயிரைக் கொடுத்த சாட்சிகளுக்கு அடுத்த வரிசையில், விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டு வாழ்ந்து, படுக்கையில் இறந்த புனிதர்களுக்குத் திருச்சபை வைத்திருந்த பெயர் அது.

'கன்ஃபெஸ்' என்ற வினைச்சொல்லுக்கு லத்தீன் மூலம். அதன் அடியில் இருப்பது 'பேசுதல்' என்ற பொருள்தான். குற்றம் அங்கே இல்லை. மறைக்காமல், நாலுபேர் அறியச் சொல்லிவிடுவது. சொல்லப்படுவது பாவமாகவும் இருக்கலாம், நம்பிக்கையாகவும் இருக்கலாம், கடவுளின் புகழாகவும் இருக்கலாம். கி.பி. 400ஐ ஒட்டிப் புனித அகஸ்டின் எழுதிய 'கன்ஃபெஷன்ஸ்' நூலின் தலைப்பில் மூன்றும் கலந்திருக்கின்றன. குருவிடம் பாவத்தைச் சொல்வதைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் என்றார்கள். சங்கீர்த்தனம் என்றால் புகழ்ந்து பாடுவது. பாவத்தைப் போய் யாராவது பாடுவார்களா என்று கேலி செய்யத் தோன்றும். அகஸ்டின் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1580இல், அதைத் தந்த அதே அண்டிரிக்கி அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூலொன்றைக் கொச்சியில் அச்சிட்டார். அதற்குப் போர்த்துக்கீசியப் பெயரையே தமிழ் எழுத்தில் வைத்தார்: 'கொம்பெசியொனாயரு'. ஆங்கிலம் இங்கே கால் வைக்கும் முன்பே அதன் உறவுக்காரச் சொல் வந்து இறங்கிவிட்டது.

இந்தச் சொல்லின் முகம் மாறியது 1215இல் என்பேன். அந்த ஆண்டு ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம் எடுத்த முடிவுகளில் இரண்டு இங்கே முக்கியம். விவரமறியும் வயது வந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் குருவிடம் பாவத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது ஒன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கவைத்தும் தண்ணீரில் தள்ளியும் குற்றத்தைச் சோதிக்கும் சடங்குகளுக்குக் குருமார்கள் ஆசி வழங்கக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவது நல்ல முடிவுதான். ஆனால் கடவுளிடம் தீர்ப்புக் கேட்கும் வழி அடைபட்டதும், ஐரோப்பிய நீதிபதிகளுக்கு மனிதனின் வாய்தான் மிஞ்சியது. கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும். இல்லையென்றால் குற்றவாளியே சொல்ல வேண்டும். சாட்சி இல்லாத இடத்தில் அவனைச் சொல்ல வைக்க வேண்டும். 1252இல் போப் நான்காம் இன்னொசென்ட், சமயக் குற்ற விசாரணையில் சித்திரவதைக்கு அனுமதியே கொடுத்துவிட்டார்.

இங்கிலாந்து ஜூரி முறையின் பக்கம் போனதால் இந்தக் கொடுமையிலிருந்து பெருமளவு தப்பியது. ஆனால் அரசாங்கமே பயந்துபோன நேரங்களில் தப்பவில்லை. 1605இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸின் வாக்குமூலங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சித்திரவதைக்குப் பின் அவர் போட்ட கையெழுத்து, எறும்பு மையில் விழுந்து ஊர்ந்தது போல நடுங்கிக் கிடக்கிறது. வாக்குமூலத்தின் வாசகம் சொல்லாததை அந்தக் கையெழுத்து சொல்கிறது. 1692இல் அமெரிக்காவின் சேலத்திலோ நியாயம் தலைகீழானது. சூனியம் வைத்தேன் என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் யாரும் தூக்கிலேறவில்லை. ஏறிய பத்தொன்பது பேரும் பொய் சொல்ல மறுத்தவர்கள், அல்லது சொன்ன பொய்யைத் திரும்பப் பெற்றவர்கள்.

நம் ஊருக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட குழு 1855இல் அறிக்கை தந்தது. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலம். அறிக்கையின் ஆங்கிலத்தில் இரண்டு தமிழ்ச் சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். முதலாவது, இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. இரண்டாவது, உடலை வளைத்துக் கட்டிப்போடுவது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்தது கட்டுமரமும் கறியும் மட்டுமில்லை.

போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861இல் இந்தியாவில் வந்தது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவானது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. இதே விதியை ஆங்கிலேயர் தம் நாட்டுக்கு வைத்துக்கொள்ளவில்லை. மதராஸ் போலீஸ்காரர் மிரட்டுவார், லண்டன் போலீஸ்காரர் மிரட்டமாட்டார் என்பது அவர்கள் நினைப்பு. லண்டனில் மனைவியையும் குழந்தையையும் கொன்றதாகப் போலீசாரிடம் ஒப்புக்கொண்ட டிமதி எவன்ஸ், பிறகு அதை மறுத்தும் பயனில்லாமல், 1950 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார். மூன்றே ஆண்டுகளில், அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி தொடர் கொலைகாரன் என்று தெரியவந்தது. எவன்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனே அவன்தான். 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள், இறந்த பிறகு. நம்மை இழிவாக எண்ணி எழுதிய விதி, நமக்குக் கிடைத்த நல்ல விதியாகிவிட்டது.

இதற்கிடையில் இந்த வினைச்சொல் விருந்து மேசைக்கும் போய்விட்டது. அந்த நாவலை நான் படித்ததே இல்லை, இனிப்பென்றால் எனக்குக் கட்டுப்பாடே கிடையாது என்று சொல்வதற்கும் ஆங்கிலத்தில் 'ஐ மஸ்ட் கன்ஃபெஸ்' என்ற பீடிகை. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் அந்த 'மஸ்ட்' தாராளமாகப் புழங்குகிறது.

தமிழின் 'ஒப்புக்கொள்' என்பதில் உள்ள 'கொள்', செய்பவர் தாமாகத் தம்மீது ஏற்றுக்கொள்வதைக் காட்டுகிறது. அதன் பின்னால் 'வை' சேர்த்தால் கதை வேறு. நாம் உண்மையைக் 'கறப்போம்'; மடி யாருடையது, கை யாருடையது என்பதையாவது அந்தச் சொல் மறைப்பதில்லை. மாலைச் செய்தித்தாள்களில் இன்றும் வரும் வாக்கியம் ஒன்று: போலீசாரின் கிடுக்கிப்பிடி விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிட்டியைப் போலவே கிடுக்கியும் இறுக்கிப் பிடிக்கிற கருவிதான். செய்தியாளர் அதை உருவகமாகத்தான் எழுதுகிறார். படிக்கிற நாமும் அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.