கோழித் தீவனத்திலிருந்து மருத்துவமனைக் கட்டில் வரை

கொலிஸ்டின் என்ற மருந்தின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்காது. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் மருத்துவர்கள் நெடுநாளைக்கு முன்பே ஒதுக்கி வைத்த பழைய ஆண்டிபயாட்டிக் அது. மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது கடைசி முயற்சியாக அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மனிதர்களுக்கு வேண்டாம் என்றிருந்த காலத்திலேயே பல நாடுகளின் பண்ணைகள் அதைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்து வந்தன. நோய்க்கு மட்டுமல்ல, சீக்கிரம் எடை கூடவும்தான்.

அதன் விளைவு 2015 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. பன்றிகளின் குடலில் வாழும் இ.கோலி கிருமியில் எம்சிஆர்-1 என்ற மரபணு இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் முன்பும் உண்டு. ஆனால் அந்தத் திறன் பெரும்பாலும் அவற்றின் வாரிசுகளோடு நின்றுவிடும். இந்த மரபணுவோ பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையத்தில் இருக்கிறது. இரு கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்போது வளையத்தின் நகல் ஒன்று மற்றதற்குப் போய்விடும். பெற்றோர் பிள்ளைக்கு எழுதி வைக்கும் சொத்து போலல்ல. வீட்டுச் சாவியை நகலெடுத்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது போல. அண்டை வீட்டார் ஒரே இனமாக இருக்க வேண்டியதும் இல்லை. நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லாவிலும் அதே மரபணு இருந்தது, அதுவும் மருத்துவமனை நோயாளிகளிடம். கொலிஸ்டினை ஒருமுறைகூடத் தொடாத ஒருவரின் குடலுக்குள்ளும் அது குடியேறலாம். ஒரே பிளாஸ்மிட்டில் வேறு எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்திருந்தால், சாதாரண ஆண்டிபயாட்டிக்கே அதைக் கட்டிக் காக்கும்.

மலேசியாவிலும் கோழிகளில் இந்த மரபணு கண்டறியப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்க 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை. கோழிக்கறி இல்லாத விருந்து அரிதான நாட்டில் இது தாமதமான முடிவுதான், ஆனாலும் சரியான முடிவு. தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2017இல் நிறுத்திய சீனாவில், பன்றிகளிடம் கொலிஸ்டினுக்கு அடங்காத இ.கோலியின் அளவு 34 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. கோழிகளில் 18லிருந்து 5.

இறங்கியதே தவிர, மறையவில்லை. மீதமிருப்பதற்கு வழிவிடும் இடங்கள் வீட்டுக்குள்ளும் உண்டு. நன்கு வெந்த கறியில் கிருமி செத்துவிடும். பச்சைக் கோழியை வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால் அது உயிரோடு தட்டுக்கு வரும். சளிக்காய்ச்சலுக்குக் கிளினிக்கில் ஆண்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். சளியை உண்டாக்கும் வைரசை அது ஒன்றும் செய்யாது. குடலில் அடங்கிப்போகும் கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கும்.